விரதம் என்று சொன்ன நாட்கள்

போன மாதம் நான் வேலைசெய்த மருத்துவமனையில் ஒரு சின்ன அறை திறந்தார்கள். முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறை. இப்போது இரண்டு சாய்மனைக் கதிரை, ஒரு மேசைவிளக்கு, சுவருக்கு இளம்பச்சை வர்ணம். வேலைசெய்கிறவர்களுக்கு மனம் தாங்காமல் போனால் அங்கே போய் இருக்கலாம். கிழமைக்கு இரண்டு நாள் ஓர் உளவியலாளரும் வருவார். கொரோனாக் காலத்தில் இங்கே இருந்தவர் யாராவது வந்து பத்து நிமிடம் பேசட்டும் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடமாகி, வீட்டில் தொலைக்காட்சியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பிரெஞ்சில் பேசினேன். கஷ்டமான காலம், எல்லோரும் ஒற்றுமையாக நின்றோம், அறை மிகவும் அழகாக இருக்கிறது, நன்றி. கை தட்டினார்கள். கேக் சாப்பிட்டேன். திரும்பி வரும் வழியில் எனக்கே என்மேல் கோபம் வந்தது. பிள்ளைகள் கேட்டது ஒன்று. நான் சொன்னது திறப்பு விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் சொல்வது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. மதாம் செலஸ்தீன். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அன்றைக்கு முன்வரிசையில் இருந்தார்.

"மலர், ஒண்ணுமே சொல்லலியே நீங்க."

"நீங்கள் முன்னுக்கு இருந்துகொண்டு பாத்தால் நான் எப்பிடி மதாம் சொல்லுறது?"

"அப்ப எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, நல்லா வரும். என் பேர மட்டும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன். இனி எழுதுகிறேன்.

நான் பாரிசுக்கு வந்தது தனிக்கதை, அதை விடுவோம். பல வருடம் அலுவலகங்களில் கூட்டித் துடைத்தேன். 2009இல், நாற்பத்தேழு வயதில், எய்ட்-சுவாஞ்ஞான்த் படிப்பில் சேர்ந்தேன். தாதிக்கு அடுத்த படியில் நின்று, நோயாளியைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை. தமிழில் பராமரிப்பு உதவியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவளுக்கு இருபத்தொன்பது வயது. எலும்புகளின் பெயர்களை, மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் ஏறும் மெத்ரோ ரயிலில் போகவர வாய்க்குள் முணுமுணுத்துப் பாடமாக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். எழுத்துப் பரீட்சையில் ஒருதரம் கோட்டை விட்டேன், அடுத்ததரம் பிடித்தேன். படித்ததில் பாதி மறந்துபோயிற்று. கைக்குப் பழகியது மட்டும் நின்றது.

வேலை கிடைத்தது நெடுங்காலம் தங்கும் முதியவர்களின் பிரிவில். முதல் நாள் பொறுப்பாளர் மதாம் செலஸ்தீனின் முகத்தைக் கண்டதும் எனக்குப் பெரிய சந்தோஷம். நம்முடைய முகம்! தாழ்வாரத்தில் வைத்தே, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டுவிட்டேன். "ஆமாம்" என்றார். அதன் பிறகு முழுவதும் பிரெஞ்சு. மூன்று கிழமை ஒரு தமிழ்ச் சொல் அவர் வாயில் இருந்து வரவில்லை. புதுச்சேரிக்காரர், பதினாறு வயதில், பிரெஞ்சு இராணுவத்தில் இருந்த தகப்பனோடு வந்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர் என்று மற்றவர்களிடம் கேட்டு அறிந்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம், என் கணவரிடம், "பெரிய வெள்ளைக்காரி எண்டு நினைப்பு" என்று கரித்துக்கொட்டினேன்.

மூன்றாவது கிழமை முடிவில் என்னைத் துணியறைக்குக் கூப்பிட்டார். படுக்கை விரிப்புகளும் உடம்பு துடைக்கும் துவாய்களும் கூரை வரை அடுக்கியிருக்கும் சின்ன அறை. கதவைச் சாத்திவிட்டு, "இங்க பேசலாம்" என்றார், தமிழில்.

"கோவிச்சுக்காதீங்க மலர். கட்டிலுக்கு மேல நம்ம பாஷை வேணாம். படுத்திருக்கவங்களுக்குப் புரியாத பாஷைல தலைக்கு மேல ரெண்டு பேர் பேசினா, தன்னப்பத்தித்தான் பேசறாங்கன்னு பயந்துடுவாங்க. எங்க அம்மாவுக்கு பிரெஞ்சு வராது. கடைசில ஆஸ்பத்திரில அப்டித்தான் பயந்து பயந்து கெடந்தாங்க."

அன்றில் இருந்து துணியறைதான் எங்களுடைய தமிழ்நிலம். அவருடைய புதுச்சேரித் தமிழும் என்னுடைய யாழ்ப்பாணத் தமிழும் அங்கே முட்டிக்கொள்ளும். நான் நாற்காலியைக் "கதிரை" என்றால் அவர் சிரிப்பார். அவர் "சர்வியேத்து" என்றால் துவாய் என்று நான் திருத்துவேன், அவர் திருந்தமாட்டார்.

அவரிடம் வேலை பழகியது லேசுப்பட்ட காரியமல்ல. ஒவ்வோர் அறைக்கும் கதவைத் தட்டவேண்டும். உள்ளே இருப்பவர் முழுச் செவிடாக இருந்தாலும் தட்டவேண்டும். தட்டிவிட்டு மூச்சு இரண்டு எடுக்கும் நேரம் நிற்கவேண்டும். உள்ளே போய் அவருடைய பெயரைச் சொல்லி, நம் பெயரைச் சொல்லி, செய்யப்போவதைச் சொல்லவேண்டும். கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொடவேண்டும். ஒருநாள் அவசரத்தில் குளிர்ந்த கையோடு ஒரு கிழவியின் முதுகைத் தொட்டேன். மதாம் என் கையைப் பிடித்துச் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே வைத்தார். குழந்தைப்பிள்ளைக்குச் செய்வது போல. ஐம்பது வயதில் வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட அவருக்கு முக்கியம் தட்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுத்து, மிச்சத்தைக் கொட்டுவதற்கு முன்னால், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒரு தாளில் குறிக்கவேண்டும். ஒன்றுமில்லை, கால், பாதி, முக்கால், முழுதும். ஐந்தில் ஒன்று. பல மருத்துவமனைகளில் அந்தத் தாளைக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்புவார்கள். இங்கே அந்தக் கதை நடக்காது. மதாம் தள்ளுவண்டியோடு கூட வந்து மூடிகளைத் திறந்து பார்ப்பார். "வாய் பொய் சொல்லும் மலர், நல்லா இருக்கேன்னு சொல்லும். தட்ட பாருங்க" என்பார். இரண்டு நாள் தொடர்ந்து கால் என்று விழுந்தால் அந்த அறைக்கு அவரே போய்க் கட்டிலருகில் இருப்பார்.

அப்படித்தான் மிசியே லுசியேனைக் கண்டுபிடித்தோம். எண்பத்தெட்டு வயது. ரயில்வேயில் பெட்டி இணைக்கும் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். வந்த கிழமை முழுக்க ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, கால். மதாம் போய் இருந்து கேட்டபோது, வேலைக்காலம் முழுவதும் சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்களோடு சாப்பிட்டவன், வீட்டில் மனைவியோடு சாப்பிட்டவன், தனியே சாப்பிட்டுப் பழக்கமில்லை என்று சொன்னாராம். நான் அடுத்த நாள் மத்தியானம் அவர் அறையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மேசையில் இருந்த வெண்ணெய் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மனிசன் என்னைப் பார்த்துக்கொண்டே கரண்டியை எடுத்தார். முழுதும்!

நோயாளியின் அறையில் நாங்கள் சாப்பிடுவது சட்டப்படி பிழை. ஐந்தாம் நாள் மதாம் கதவைத் திறந்தபோது என் வாய் நிறைய பிஸ்கட். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் மிசியே லுசியேனின் பராமரிப்புத் திட்டத்தைத் திறந்தால், மதாமின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: 'மதிய உணவு: உதவியாளருடன் சேர்ந்து. உதவியாளருக்கு ஒரு பிஸ்கட்.' என் களவுத்தீன் வைத்தியமாக மாறிவிட்டது. மூன்று வருடம் அந்த மருந்தை நான் ஒழுங்காக எடுத்தேன்.

2020 பங்குனியில் அந்தக் கொரோனா வருத்தம் வந்தது. உறவினர் வரக்கூடாது, நோயாளிகள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. எங்களுக்கு மேலங்கி, தொப்பி, முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு. அறைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கவசத்தைக் கழற்றக்கூடாது. சரியான உத்தரவுதான், அதில் எனக்கு இன்றைக்கும் முறைப்பாடு இல்லை. ஆனால் மிசியே லுசியேனுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது?

"இன்றைக்கு பிஸ்கட் இல்லையா?" என்று கேட்டார்.

"நான் சாப்பிட்டுவிட்டேன் மிசியே."

"முகத்தை மூடிக்கொண்டா?"

கரண்டியைக் கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டார். கோபமில்லை. நான் உட்காரும் கதிரையைக் கையால் காட்டி, நான் சாப்பிட்டால் தானும் சாப்பிடுவதாகச் சொன்னார். கவசத்தின் வார் காதை அறுத்துக்கொண்டிருந்தது. ஒரு விரலால் இழுத்து ஒரு கடி கடித்தால் போதும். கை காது வரை போனது. பிறகு பக்கத்து அறைகளை நினைத்தேன், வீட்டில் இருக்கும் இவரை நினைத்தேன், கையை இறக்கினேன். ஒன்றுமில்லை என்று தாளில் எழுதினேன். ஒன்பது நாள் எழுதினேன். நடுவில் காய்ச்சலும் வந்துவிட்டது. ஊசிவழி தண்ணீர் ஏற்றினார்கள். பத்தாம் நாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டார்.

அந்த நாட்களில் இறந்தவரைக் கழுவக்கூட அனுமதியில்லை. உடுப்பு மாற்ற முடியாது. ஒரு பைக்குள் வைத்து மூடவேண்டும். மதாமும் நானும் போனோம். கதவுக்கு முன்னால் மதாம் நின்றார். தட்டினார். மூச்சு இரண்டு எடுக்கும் நேரம் காத்திருந்தார். உள்ளே போய், "மிசியே லுசியேன், நான் செலஸ்தீன், கூட மலர் இருக்கிறார், இப்போது உங்களை மூடப்போகிறோம்" என்று, உயிரோடு இருப்பவருக்குச் சொல்வது போலச் சொன்னார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. பையின் ஸிப்பை இழுத்தது நான்.

வீட்டுக்கு வந்தேன். இவர் சமைத்திருந்தார்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ரூ பெர்தொனே என்ற தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மனிசன், நல்ல கத்தரிக்காயாகப் பார்த்து எடுத்து வந்து, நான் வேலையால் வருமுன் சமைத்து வைப்பார். முதல் கவளத்தை வாயில் வைத்தேன். தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. மென்றேன், மென்றேன், வாய்க்குள்ளேயே நின்றது. எழும்பிப் போய்த் துப்பினேன்.

"என்ன, உப்புக் கூடிப்போச்சோ?"

"இல்லை. வெள்ளிக்கிழமை எல்லே. இண்டைக்கு விரதம்."

வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். இவரும் "ஓ, அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டார். சனிக்கிழமையும் இறங்கவில்லை. கடைக் கலண்டரைப் பார்த்தேன். நம் கலண்டர் பெரிய உதவி. சதுர்த்தி, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், அமாவாசை, பூரணை; செவ்வாய், வெள்ளி. ஒன்றுமில்லாத நாளுக்கு நேர்த்திக்கடன். வேலையில் "வீட்டில் போய்ச் சாப்பிடுவேன்" என்பேன். வீட்டில் "விரதம்" என்பேன். தேத்தண்ணி, பால், எப்போதாவது ஒரு வாழைப்பழம். பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கு மத விஷயத்தில் கேள்வி கேட்கக் கூச்சம். தமிழ் ஆட்களுக்கு விரதக்காரியிடம் கேள்வி கேட்கவே தோன்றாது. ஒரு மனிசி ஊர் பார்க்கச் சாப்பிடாமல் இருந்து காய, அதைக் கும்பிடுகிற சனம் நாங்கள்.

இவருக்கு அதில் ஒரு பெருமையும் வந்துவிட்டது. கடைக்குள் மூன்று பேருக்கு மேல் விடக்கூடாது என்று சட்டம். மிச்சப்பேர் வெளியே இடைவெளி விட்டு வரிசையில் நிற்பார்கள். இவர் வாசலில் நின்று சத்தமாக விசாரித்துச் சாமான் எடுத்துக் கொடுப்பார். சாமானோடு சேர்த்து என் கதையும் சத்தமாகப் போனது: "என்ரை மனிசி ஆசுப்பத்திரியிலை. இந்த வருத்தம் போகுமட்டும் விரதம் பிடிக்கிறா." நான் கடைப்பக்கம் போனால் சனம் விலகி வழிவிட்டது. சாந்தி என்று ஒரு வாடிக்கையாளர், அவருடைய கணவருக்குக் காய்ச்சல் கடுமையாகி மருத்துவமனையில் இருந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கி, "அக்கா, நீங்கள் கும்பிடேக்கை எங்கடை இவரையும் ஒருக்கால் நினையுங்கோ" என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குக் கும்பிடவும் வரவில்லை என்றா?

பியர்ஃபித்தில் இருக்கும் மகள் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது கமராவைக் கிட்டப் பிடிப்பேன், கன்னம் உப்பலாகத் தெரியட்டும் என்று. வேலைக் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனது. காயத்துக்குச் சுற்றும் துணியில் ஒரு முழம் எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். காலையில் மெத்ரோவில் இருந்து இறங்கவேண்டிய இடத்தில் எழும்ப மனம் வராது. கதவு மூடும் சத்தம் கேட்டுத்தான் பாய்ந்து இறங்குவேன். ஆனாலும் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. எடுத்தால் அந்த அறைகளுக்கு யார் போவது?

இனி எழுதப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சைக் குத்துவது. தாளில் 'ஒன்றுமில்லை' என்று எழுத என் கை மறுத்துவிட்டது. எழுதினால் ஆள் போய்விடுவார் என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஆள் குறைந்த அந்த நாட்களில் மதாமாலும் வண்டியோடு வர முடியவில்லை. அதனால் தொடாத தட்டுக்குப் 'பாதி' என்று எழுதினேன். ஒருவருக்கு அல்ல. மூன்று அறைகளுக்கு, நாலு நாள். பத்து வருடம் ஒரு தட்டுக்கும் பொய் எழுதாதவள்.

ஐந்தாம் நாள், வைகாசி நடுப்பகுதி, மத்தியான வண்டி முடிந்ததும் மதாம் என்னைத் துணியறைக்குக் கூப்பிட்டார். உள்ளே துவாய் அடுக்கின்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டு. மூடி திறந்திருந்தது. மசித்த உருளைக்கிழங்கு வைத்தபடி அப்படியே. பக்கத்தில் என்னுடைய தாள்.

"இது பதினாலாம் ரூம் அம்மாவோடது. நீங்க பாதின்னு எழுதியிருக்கீங்க. யார் சாப்ட பாதி இது, மலர்?"

நான் மூடியை எடுத்துத் தட்டை மூடப்போனேன்.

"அவங்க எடை குறைஞ்சிருக்கு. இன்னிக்குத்தான் நிறுத்துப் பாத்தேன். உங்க தாள நம்பி நாலு நாள் விட்டுட்டேன்."

வேலை போகும் என்பது நினைப்பில் வரவேயில்லை. இன்னொருவரையும் நான் சாகக்கொடுக்கப் பார்த்தேன் என்பதுதான் வந்தது. பக்கத்தில் இருந்த துணிப்பொதியில் இருந்துவிட்டேன். மதாம் என் இடுப்பைப் பார்த்தார். மேற்சட்டைக்குக் கீழே அந்தத் துணிக்கட்டு தெரிந்தது.

"நீங்க இன்னிக்கு என்ன சாப்டீங்க?"

"விரதம் மதாம்."

"நேத்து?"

"விரதம்."

அவர் சட்டைப் பையில் இருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதினார். முழுப்பெயர், எழுத்துப் பிழையில்லாமல். பேனாவை என் கையில் தந்தார்.

"நீங்களே எழுதுங்க. திங்கக்கிழம மத்தியானம்?"

நான் எழுதினேன். ஒன்றுமில்லை. திங்கள் இரவு, ஒன்றுமில்லை. செவ்வாய் காலை, ஒரு பால், கால் என்று போடலாமா என்று கேட்டேன். "போடுங்க" என்றார். புதன், வியாழன். நாலு நாளாக மற்றவர்களுக்கு எழுத முடியாத சொல்லை எனக்கு எழுத எழுத, என் வாயில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்லமாட்டேன். ஊரில் எங்கள் வீட்டு நாய் இடிக்குப் பயந்து போடும் சத்தம். மதாம் தன் கவசத்தோடும் என் கவசத்தோடும் அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைய சட்டத்துக்கு அது பெரும் குற்றம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"மிசியே லுசியேன் என்னைச் சாப்பிடச் சொல்லிக் கேட்டவர் மதாம். ஒரு பிஸ்கட். நான் சாப்பிடேல்லை."

"தெரியும்."

"நான்தான் அவரை..."

"இல்ல. அத நீங்க டாக்டர்கிட்ட சொல்லணும். நான் இல்லன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

அன்றைக்கே பதினாலாம் அறைக் கிழவிக்குச் சத்துப்பானம் தொடங்கினார்கள். அவர் தேறி, அடுத்த வருடம் வரை இருந்து, என் கை குளிர் என்று தினமும் திட்டினார். அவர் திட்டத் திட்ட எனக்கு ஆறுதலாக இருந்தது. என் பிழையை மதாம் மறைக்கவில்லை, அறிக்கையில் எழுதினார். அதன் கீழேயே, 'இந்த ஊழியர் நோயுற்ற நிலையில் வேலைசெய்தார், அதைக் கவனிக்காதது என் தவறு' என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தார். தொழில் மருத்துவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். மருத்துவர் லீவு எழுதி, கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சிரிக்கப் பார்த்தார்.

"விரதம் இருந்து களைச்சுப்போனாய். நாலு நாள் படுத்தெழும்பினால் சரி. அதுக்குப் போய் விசர் டொக்டரே?"

"நான் விரதம் இருக்கேல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. உங்களுக்குப் பொய் சொன்னனான்."

இவர் அதைக் கேட்டு நின்ற முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபப்படுவார் என்று நினைத்தேன். குசினிக்குள் போனார். பானைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. இரண்டு மாதம் தான் சமைத்த சாப்பாடெல்லாம் எங்கே போனது என்று கணக்குப் பார்த்திருப்பார் போல. திரும்பி வந்து, "நான் கடையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றார். அவருக்கு அதுதான் முதலில் வந்த கவலை. நான் அவரில் பிழை சொல்லமாட்டேன். அந்தத் தெருவில் முப்பது வருடம் நின்ற மனிசன். "டொக்டரிட்டைப் போ. ஆனால் கடையிலை ஒருத்தருக்கும் மூச்சு விடாதை."

உளவியலாளர் என் மகளைவிட இளைய பெண். நான் முக்கால் மணி நேரம் கதைத்துவிட்டு வருவேன். வீட்டில் வந்து கால் இடியப்பம் சாப்பிடுவேன். அடுத்தநாள் அதுவும் இறங்காது. இப்படியே ஒரு மாதம்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. மருந்து வாங்கிக்கொண்டு கடைப்பக்கம் போனேன். வரிசை நீளமாக நின்றது. சாந்தி நின்றார். அவருடைய கணவர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைக் கண்டதும் சாந்தி வரிசையை விட்டு வந்து, தெரு நடுவில் என் காலைத் தொடக் குனிந்தார். "உங்கடை விரதம்தான் அக்கா அவரைக் காப்பாத்தினது."

நான் பின்னால் விலகி, தடுமாறிச் சுவரைப் பிடித்தேன். வாசலில் நின்ற இவர் என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில் என் முகத்தில் என்ன கண்டாரோ, கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டைப் பெட்டிக்குள் போட்டார். முன்பு என் பெருமையைச் சொன்ன அதே சத்தத்தில், முழு வரிசைக்கும் கேட்கச் சொன்னார்:

"சாந்தி, எழும்பு பிள்ளை. அவ விரதம் இருக்கேல்லை. நான்தான் விளங்காமல் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான். அவவுக்கு மனவருத்தம். வேலையிலை சனம் செத்துச் செத்து, அவவுக்குச் சாப்பாடு இறங்காமல் போட்டுது. டொக்டரிட்டைக் காட்டுறம். இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை."

கடைசி வசனம் தனக்குச் சொல்லிக்கொண்டது. அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. வரிசையில் யாரோ ஒரு கிழவர் இருமினார். சாந்தி எழும்பி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த டொக்டர் அண்ணை? நம்பர் இருக்கே? இவர் வந்தாப்பிறகும் எனக்கு நித்திரையில்லை" என்றார்.

அந்த நம்பரை நான் என் மருந்து ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு இவரிடம் சாமான் வாங்க வந்து, காசு கொடுத்துவிட்டு, போகாமல் நின்று அதைக் கேட்டவர்கள் பல பேர். அன்றைக்கு நான் வயிறார உண்டேனா என்றால், இல்லை. அதற்கு இன்னும் மூன்று கிழமை எடுத்தது. ஆனால் பொய் சொல்லவேண்டிய வேலை முடிந்துவிட்டது. அதுவே பாதிப் பாரம்.

ஐப்பசியில் பாதி நேர வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் மதாம் என்னைத் துணியறைக்குக் கூப்பிட்டார். ஏதோ புதுச் சட்டம் சொல்லப்போகிறார் என்று போனேன். அவர் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"மலர், மொத நாள் அந்த டாக்டர்கிட்ட போய் உக்காந்தீங்களே. மொதல்ல என்ன சொன்னீங்க?"

"மிசியே லுசியேன்ரை பேரைச் சொன்னனான். பேந்து அவருக்கு என்ன பிஸ்கட் விருப்பம் எண்டு சொன்னனான்."

தலையை ஆட்டினார். மடித்த விரிப்பை உதறித் திரும்ப மடித்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"எனக்குப் போனவங்க ஒருத்தர் மட்டும் இல்ல மலர். பிரிவு பூராவும் இருக்காங்க. ஒவ்வொரு கதவா தட்டிட்டு நிக்கறேன். யார்லேருந்து ஆரம்பிக்கறது?"

அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். தலைமயிர் அரைவாசி வெளுத்திருந்தது. எங்கள் எல்லோருடைய தட்டையும் திறந்து பார்த்த மனிசியை, எங்களில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உட்பட. அவர் என்னைக் கட்டிப்பிடித்த அன்றைக்கு அவரும் நடுங்கிக்கொண்டிருந்தாரோ என்னவோ, எனக்கு என்னுடைய நடுக்கம் மட்டும்தான் தெரிந்தது.

நான் தொலைபேசியை எடுத்து அங்கேயே நின்று என் உளவியலாளரை அழைத்தேன். செவ்வாய் பதினொரு மணிக்கு இடம் இருந்தது.

"நானும் வாறன் மதாம். வெளியிலை இருப்பன்."

"செவ்வாய் காலைல உங்களுக்கு டூட்டி."

"லிஸ்ட் போடுறது நீங்கள்தானே. மாத்திப் போடுங்கோ."

பத்து வருடத்தில் நான் அவருக்குச் சொல்லி அவர் கேட்டது அது ஒன்றுதான். வேலைப்பட்டியலை எப்போதும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதை எடுத்துத் துவாய் அடுக்கின்மேல் விரித்தார். செவ்வாய்க் கட்டத்தில் என் பெயரை வெட்டினார். பேனா சிறிது நேரம் நின்றது. பிறகு தன் பெயரையும் வெட்டினார்.